காற்றாடி ஊர்களில் ஒரு பழைய புத்தகம்

ஜூலை 19, 2025, சனிக்கிழமை: திருநெல்வேலி

ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் எதிர்கொண்டது காற்றுதான். ஆடி பிறந்து மூன்றாம் நாள். மலையின் கணவாய்களுக்குள் புகுந்து வரும் மேல்காற்று, சந்திப்பு நிலையத்தின் வாசலில் நின்றவர்களின் வேட்டி, துப்பட்டா, செய்தித்தாள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வெயில் இருந்தும் வியர்க்கவில்லை. சென்னையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்ட எனக்கு ஊர் வந்துவிட்டது என்பதற்கு இந்தக் காற்றைத் தவிர வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

பயணத்தின் காரணம் எளியது. கடையத்தில் பெரியப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய புத்தக அலமாரியில் செல், அதாவது கரையான், ஏறிவிட்டதென்றும், நான் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளாவிட்டால் மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடப் போவதாகவும் பெரியம்மா போனில் சொல்லியிருந்தார். பெரியப்பா நாற்பது ஆண்டுகள் பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருந்த கம்யூனிஸ்ட். அவர் வீட்டுக்குப் போகும்போது வழித்துணைக்கு ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை எடுத்துக்கொண்டதில் கொஞ்சம் குறும்பும் கொஞ்சம் கடனும் இருந்தன. 1989-இல் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பிரதி அது. அதை என் கையில் பார்த்த பெரியப்பா, “இது எதிரிக்கு எழுதிக் குடுத்த புஸ்தகம்டே” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நானும் ஒரே இரவில் படித்துவிட்டு, கம்யூனிசம் உருப்படாது என்று சொல்லும் கதை என ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போனபோது, அவருக்கும் எனக்கும் இடையிலான வழக்கில் நான் ஜெயித்துவிட்டதாகவும் நினைத்தேன். அந்த ஒரே இரவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை.

நிலையத்துக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடையில் நான்கு இட்லி, ஓர் உளுந்த வடை, ஒரு காபி, 80 ரூபாய். பரிமாறியவருக்கு அறுபது வயதிருக்கும். நான் எழப்போகும் நேரத்தில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றி, “இட்லிய வறட்டித் திங்கக்கூடாது அண்ணாச்சி” என்று கடிந்துகொண்டார். மறுப்பதற்கு எனக்கு உரிமையில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

இரவு ரயிலில் முதல் இரண்டு அத்தியாயங்களை முடித்திருந்தேன். பண்ணைக்காரனை விரட்டிவிட்டு, சுவரில் ஏழு கட்டளைகளை எழுதிவைத்து, பண்ணையைத் தாமே நடத்தப் பார்க்கும் விலங்குகளின் கதை. ஆர்வெல் 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் அரசின் அபினித் துறையில் அலுவலர். பிள்ளை பர்மாவில் ஐந்தாண்டுகள் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த வேலையை வெறுத்து விட்டவர். பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார். 1937-இல் கழுத்தில் குண்டடி பட்டார். அங்கே தம்முடன் நின்று போரிட்டவர்களையே ஸ்டாலினின் ஆட்கள் துரோகிகள் என்று வேட்டையாடியதைப் பார்த்துத் தப்பி வந்த பிறகுதான் இந்தக் கதை அவருக்குள் விழுந்திருக்கிறது. கடைசிவரை தம்மை சோசலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். இவ்வளவும் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க இனி வழியில்லை.

இந்த ஊருக்கும் கலகம் புதிதன்று. ரஷ்யாவில் ஜார் வீழ்வதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதம் வ.உ.சி. கைதானதும் மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் கடைகள் மூடி, நகராட்சி அலுவலகம் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கடையம் வீட்டுத் திண்ணையில் இந்தத் தேதிகளைப் பெரியப்பா வாய்ப்பாடு போல ஒப்பித்துக் கேட்டிருக்கிறேன்.

மாலையில் டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிவிட்டு, ரத வீதியில் ஒரு கடையில் சுடச்சுட அரைக் கிலோ அல்வா வாங்கினேன். இலையில் வைத்துக் கொடுத்த நூறு கிராமை அங்கேயே நின்று தின்றேன். இங்கே யாரும் அல்வாவை மெல்லுவதில்லை. அது தானாகத் தொண்டையில் இறங்கும்வரை பொறுமையாக நிற்கிறார்கள். பொட்டலத்தைப் பையில் படுக்கவைத்தது என் தவறு. விடுதிக்கு வந்து பார்த்தால் நெய் கசிந்து புத்தகத்தில் ஏறியிருந்தது. ஏழு கட்டளைகள் அச்சான பக்கம் முழுக்க ஊறிக் கண்ணாடி போல் ஆகியிருந்தது. எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது என்ற வரிக்கு நடுவே பின்பக்கத்து எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை: பணகுடி

நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் பணகுடி. கல்லூரித் தோழன் ஒருவன் பக்கத்துக் கிராமத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறான். வழிநெடுகச் சுவர்கள் என் கண்ணைப் பிடித்தன. தேர்தல் அடுத்த ஆண்டுதான். அதற்குள் நல்ல சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, கட்சிப் பெயரின் சுருக்கத்தை எழுதி, கீழே ‘ரிசர்வ்’ என்று போட்டு வைத்திருந்தார்கள். ஒரு சுவரில் பழைய கட்சியின் எழுத்து புது வெள்ளையின் அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்த்தது. கதையில் களஞ்சியத்தின் சுவரில் எழுதிய கட்டளைகள் ஒவ்வொன்றாக மாறுவதும் இரவில் ஏணி போட்டுத்தான். நடுராத்திரியில் ஏதோ விழும் சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்து பார்த்தால், ஸ்குவீலர் என்ற பேச்சுக்காரப் பன்றி முறிந்த ஏணிக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறது. அருகே லாந்தர், பிரஷ், கவிழ்ந்த வெள்ளை பெயிண்ட் டப்பா. அப்போதும் விலங்குகளுக்கு விளங்கவில்லை. கல்லூரி நாளில் இந்த இடத்தில் அவற்றின் முட்டாள்தனத்தை எண்ணிச் சிரித்தேன். இந்த முறை பஸ்ஸில் அப்படிச் சிரிப்பு வரவில்லை.

பணகுடியில் எந்தத் திசையில் திரும்பினாலும் காற்றாலைகள். இவர்கள் ‘காத்தாடி’ என்றுதான் சொல்கிறார்கள். 1986 வாக்கில் தூத்துக்குடிப் பக்கம் சோதனையாகத் தொடங்கிய இந்தத் தொழில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று பரவி, வானத்தையே வேலி கட்டியதுபோல் ஆக்கிவிட்டது. தோழனின் அப்பாவும் 1990களில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தைக் காத்தாடிக்காக விற்றவர். “அன்னைக்கு அந்த வெலை பெரிய வெலைடே” என்று அவனே அவருக்காக வாதாடினான்.

மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூடவே வாழைப்பூப் பொரியல். தோழனின் மனைவி மூன்றாம் முறை சோற்றை வைத்தபோது கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் வெளியே காத்தாடி சுற்றும் ‘ஹூம், ஹூம்’ என்ற ஓசை வீட்டுக்குள் தெளிவாக வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். மலிவான ஒப்பீட்டுக்கு இது நல்ல இடம்தான். ஆனால் காத்தாடியின் மின்சாரம் துணைமின் நிலையம் போய்ப் பொதுக் கம்பியில் கலந்துவிடுகிறது, ஊருக்கு வரும் கம்பி வேறு, அதில் எங்கோ வாழை மட்டை விழுந்தால் இங்கே விளக்கு அணையும் என்று தோழன் விளக்கினான். நியாயம்தான்.

ஆயினும் சாப்பிட்ட பின் திண்ணையில் காற்றோடு மல்லுக்கட்டிப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு படித்தது காற்றாலை அத்தியாயங்களைத்தான். பண்ணைக்கு மின்சாரம் வரும், கொட்டில்களில் விளக்கும் வெந்நீரும் இருக்கும், வாரத்தில் மூன்று நாள் வேலை செய்தால் போதும் என்று ஸ்நோபால் என்ற பன்றி திட்டம் வரைகிறது. நெப்போலியன் என்ற இன்னொரு பன்றி அதை எதிர்த்து, ஸ்நோபாலை நாய்களை ஏவி விரட்டிவிட்டு, பிறகு தன் திட்டமாகவே அறிவிக்கிறது. முதலில் கட்டியது நவம்பர்ப் புயலில் சாய்கிறது, பழி ஸ்நோபால்மேல். சுவரின் கனம் போதாமல் விழுந்தது என்று வெளியே மனிதர்கள் சொல்ல, விலங்குகள் துரோகத்தால் விழுந்தது என்றே நம்பிக்கொண்டு, ஒன்றரை அடியாக இருந்ததை விட்டு அடுத்த சுவரை மட்டும் மூன்றடியாக எழுப்புகிறார்கள். அதையும் பக்கத்துப் பண்ணைக்காரன் வெடிவைத்துத் தகர்க்கிறான். மூன்றாம் முறை ஆலை எழுந்து நின்ற பிறகு, அது மின்சாரமே தருவதில்லை. தானியம் அரைத்துக் காசு பார்க்கிறது. கொட்டிலில் விளக்கு என்ற பேச்சே இல்லை. 1989-இல் இந்தக் கடைசிச் செய்தி என் மனத்தில் பதியவே இல்லை. அன்று எனக்கு வெடிச்சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

ஜூலை 21, திங்கட்கிழமை: கடையம்

களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று பஸ் மாறி மாறி வந்ததில் பாதி நாள் போயிற்று. வியாழக்கிழமை ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு இப்போதே குடும்பம் குடும்பமாகப் பாத்திரம், பாய், விறகு சகிதம் குடில் போட்டுத் தங்கப் போகிறார்கள். அம்பையில் எனக்கு நிற்க மட்டும் இடம் கிடைத்தது. காலடியில் ஒரு பையிலிருந்து சேவல் ஒன்று தலையை நீட்டி என் பெருவிரலைச் சோதித்துக்கொண்டே வந்தது. “அத மடியில வச்சுக்க தாயி, யாரும் மிதிச்சா எம்மேல கேஸு வரும்” என்று கண்டக்டர் சொல்ல, அந்தப் பெண் சேவலை அல்லாமல் என்னை முறைத்தாள். இறங்கும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. கடையத்தில் தைத்துக் கொடுத்தவர் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு, இந்தச் செருப்பு அடுத்த ஆடியைப் பார்க்காது என்று ஆரூடமும் சொன்னார்.

கடையம் 2019 முதல் தென்காசி மாவட்டம்; ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் நெல்லைச் சீமைதான். பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பிறகு 1918 முதல் 1920 வரை பாரதி இங்கே இருந்திருக்கிறார். அவர் இந்தத் தெருக்களில் கழுதைக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிய கதையைப் பெரியப்பா ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்வார். ஜார் வீழ்ந்ததை வாழ்த்தி ‘புதிய ருஷியா’ பாடியவர் என்பதையும் சொல்வார். அதே பாரதி பின்னர் உரைநடையில், கொலையாலும் கொள்ளையாலும் சமத்துவத்தைக் கொண்டுவர முடியாது என்று லெனினின் வழியை மறுத்து எழுதியதை மட்டும் சொன்னதில்லை. நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டின் திண்ணையில் பெரியம்மாவோடு பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகளும், இன்னொரு அம்மாவும் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சென்ற ஆண்டு தோட்ட வேலை முடிவுக்கு வந்தபோது மலையிறங்கி, வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஐம்பத்தைந்து வயதில் பீடி சுற்றக் கற்றுக்கொண்டிருக்கிறார். மடியில் சொளவு, அதில் புகையிலைத் தூள், ஈரச் சாக்கில் சுற்றிவைத்த இலை, தகரத்தை வைத்து அளவாக வெட்டிய துண்டுகள். பெரியம்மாவுக்கு 74 வயது. இலையைப் பார்க்காமலே அவர் விரல்கள் தூளை அள்ளிப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துவிடுகின்றன. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. அந்த அம்மா இன்னும் ஒவ்வொரு இலையையும் குனிந்து பார்த்தே உருட்டுகிறார்.

கரண்ட் இங்கேயும் இல்லை, டி.வி. ஓடவில்லை. முன்பெல்லாம் இதே திண்ணையில் பெரியப்பா பத்திரிகையை உரக்கப் படிக்க, இவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். “கையில என்னத்த வச்சிருக்க? வாசியேன்” என்றார் பெரியம்மா. நெய்க்கறை பிடித்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கதையை எங்கள் பேச்சில் சொல்லத் தொடங்கினேன்.

குடிகாரப் பண்ணைக்காரன் தீனி போட மறக்கிறான், விலங்குகள் பொறுக்க முடியாமல் அவனை விரட்டுகின்றன, பன்றிகள் எழுதப் படிக்கக் கற்றிருப்பதால் முன்னே நிற்கின்றன என்பதெல்லாம் தடையின்றிப் போயிற்று. பிறகு பசுக்கள் கறக்கப்படாமல் மடி கனத்து நிற்கின்றன. பன்றிகளே கறக்க, ஐந்து வாளி பால் சேர்கிறது. இந்தப் பாலை என்ன செய்வது என்று ஒருவர் கேட்க, நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்று, பாலைப் பற்றி இப்போது என்ன, அறுவடைக்கு நடங்கள் தோழர்களே என்கிறது. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பாலைக் காணவில்லை.

“பன்னிதான் குடிச்சிருக்கும்” என்றார் பெரியம்மா, தலையை நிமிர்த்தாமல்.

அடுத்த அத்தியாயத்தில்தானே அது தெரியவரும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“பாலப் பத்திப் பேசாதன்னு எவஞ் சொன்னானோ அவந்தானே குடிச்சிருப்பான்? இதுக்கு ஒரு புஸ்தகமா வேணும்?”

ஆர்வெல் 1946-இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கதையின் திருப்பமே பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான், அப்போதே மற்ற விலங்குகள் காலை ஊன்றி மறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அந்த வாளிகள் கண்ணில் பட்டன. இங்கே சொளவை விட்டுக் கையெடுக்காமல் பிடித்துவிட்டார்கள். காரணத்தைப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சரியில்லை என்று எடுத்துப் போடுவதற்குக் ‘கழிவு’ என்று பெயர். கழிவுக்குக் கூலி கிடையாது. அதை ஈடுகட்ட வீட்டில் கூடுதலாகச் சுற்றித் தரவேண்டும். “கழிச்ச பீடியெல்லாம் எங்க போச்சுன்னு முப்பது வருசமா யாரும் கேக்கல. மாமாதான் ஒருநா போயிக் கேட்டாவ” என்றார். மாமா என்றது பெரியப்பாவை. அன்று என்ன ஆயிற்று என்றேன். “ரெண்டு வாரம் எங்களுக்கு எல தரல.”

கோழிகளின் கட்டத்தில்தான் எல்லாருடைய விரலும் ஒருமுறை நின்றது. வாரத்துக்கு 400 முட்டை வெளியே விற்கக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்ததும், கோழிகள் உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்தே முட்டையிட்டுத் தரையில் சிதறவிடுகின்றன. நெப்போலியன் தீனியை நிறுத்துகிறது. ஐந்தாம் நாள் கோழிகள் பணிந்து இறங்குகின்றன. அதற்குள் ஒன்பது செத்துவிட்டன. சற்றுநேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “ஒடைச்சதுதான் சரி” என்று முதலில் பேசியவர் மாஞ்சோலை அம்மா.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் கேட்டாள்: “எழுதுனவருக்கு இது எப்படி மாமா தோணிச்சு?” ஆர்வெல் ஒரு கிராமத்தில் இருந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக் குதிரையைக் குறுகிய பாதையில் ஓட்டிக்கொண்டு போவதையும், அது திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடிப்பதையும் பார்த்தாராம், இந்த விலங்குக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால் நமக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இருக்காது என்று அப்போது தோன்றியதை, 1947-இல் உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அதை அவளிடம் சொன்னேன். இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்து ஞாபகம் வந்து பெரியம்மா எழுந்துகொள்ள, கூட்டம் கலைந்தது.

ஜூலை 22, செவ்வாய்க்கிழமை: கடையம்

காலை முழுக்க அலமாரி. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் அச்சிட்ட கனத்த அட்டைப் புத்தகங்கள், தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, நா. வானமாமலை நடத்திய ‘ஆராய்ச்சி’ இதழ்கள், கட்டுக்கட்டாக ‘சோவியத் நாடு’. அதன் வழவழப்பான தாளில்தான் எங்கள் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டோம். கணக்கு நோட்டில் எப்போதும் ஒரு டிராக்டரோ ஒரு கோதுமை வயலோ சிரித்துக்கொண்டிருக்கும். செல் கீழ்த்தட்டிலிருந்து ஏறியிருக்கிறது. லெனின் தொகுதிகளில் மூன்று வெறும் அட்டைகளாக நின்றன. எடுத்ததும் உள்ளே மண் கொட்டியது. ‘விலங்குப் பண்ணை’ அங்கே இருக்குமோ என்று தேடினேன். இல்லை. புதுமைப்பித்தன் எழுதிய ‘ஸ்டாலினுக்குத் தெரியும்’ இருந்தது, பென்சில் கோடு ஒன்றுகூட இல்லாமல். நாற்பது புத்தகங்களை எடுத்துவைத்தேன். மிச்சத்துக்குப் பழைய பேப்பர்க்காரர் கொடுத்தது 310 ரூபாய்.

மதியம் மறுபடி திண்ணை. இன்று பாக்ஸரின் முறை. பண்ணையின் முக்கால் உழைப்பையும் தோளில் சுமந்த வண்டிக் குதிரை அது; இன்னும் கடினமாக உழைப்பேன், நெப்போலியன் சொன்னால் சரி என்ற இரண்டு வாக்கியங்கள் அதன் வாழ்க்கைக்குப் போதுமாக இருந்தன. பன்னிரண்டு வயதானால் ஓய்வு, மேய்வதற்குத் தனிப் புல்வெளி என்று ஆதியில் சட்டம். காலம் நெருங்கும்போது அந்தப் புல்வெளியில் பார்லி விதைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் மாஞ்சோலை அம்மா நூலை வாயில் கடித்தபடியே, “லைன் வீடு மாதிரி” என்றார். தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், வேலை போனால் வீடும் போய்விடும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. குத்தகை 2028-இல் முடிகிறது, சுற்றிலும் புலிகள் காப்பகம், தொழிலாளர்கள் 2024-இல் விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்து இறங்கினார்கள். காட்டுக்கு அது நல்லதென்று நானும் சென்னையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவருக்கு எதிரே அந்த வாதத்தை எடுக்க நாக்கு எழவில்லை.

கல் இழுத்து விழுந்த பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி மூடிய வண்டி ஒன்று வருகிறது. மற்ற விலங்குகள் கையசைத்து வழியனுப்புகின்றன. அப்போது பெஞ்சமின் என்ற கிழட்டுக் கழுதை, வாழ்நாளில் ஓடாத கழுதை, நாலுகால் பாய்ச்சலில் வந்து, முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா என்று கத்தி, அடிமாட்டுக்காரனின் பெயரை வாசித்துக் காட்டுகிறது. வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளே இருந்து குளம்பால் உதைக்கும் சத்தம் கேட்டு, மெல்ல மெல்ல நின்றுபோகிறது. சில நாள் கழித்துப் பன்றிகள் பாக்ஸர் நினைவாக விருந்து வைக்கின்றன. எப்படியோ பணம் கிடைத்து ஒரு பெட்டி விஸ்கி வந்து இறங்குகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு வேறொன்று உறுத்தியது. “அந்தக் கழுதைக்குப் படிக்கத் தெரியுமா?”

பன்றிகளுக்குச் சமமாகத் தெரியும் என்றேன்.

“அப்ப சொவத்துல எழுத்து மாறும்போதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்திருக்கு?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தது. படிக்கத் தகுந்த எதுவும் இல்லை என்று சொல்லும் கழுதை அது. கழுதைகளுக்கு ஆயுசு அதிகம் என்பதற்கு மேல் யார் கேட்டாலும் பதில் சொல்லாது. கல்லூரி நாளில் எனக்கு இந்தப் பாத்திரம்தான் மிகவும் பிடித்திருந்தது. அதை ஞானம் என்று நினைத்தேன். வங்கி வேலையில் சேர்ந்து சங்கத்தில் இருந்த ஆண்டுகளில், எங்கள் தலைவர்கள் இடமாற்றப் பட்டியலில் தங்கள் ஆட்களின் பெயரை மேலே ஏற்றிக்கொண்டபோது, பழைய பட்டியலும் புதிய பட்டியலும் இரண்டும் என் மேசையில் இருந்தன. நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு டீ குடிக்கப் போனேன். இதைத் திண்ணையில் சொல்லவில்லை.

“பேசாம இருந்தவனையும் சேத்துத்தாம் வண்டியில ஏத்தணும்” என்று பெரியம்மா முடித்துவிட்டு அடுத்த கட்டுக்கு நூலைப் பிரித்தார்.

இந்தப் புத்தகத்தைப் பிரிட்டனில் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள், ஹிட்லருக்கு எதிராக ஸ்டாலின் அப்போது கூட்டாளி என்பதால் 1945 ஆகஸ்டில்தான் வெளிவர முடிந்தது என்றேன். கவிஞர் டி.எஸ். எலியட் கூட, பண்ணைக்கு வேண்டியது பொதுநலம் உள்ள பன்றிகள் இன்னும் சிலர்தான் என்ற பொருள்பட எழுதித் திருப்பியிருக்கிறார் என்றதும் திண்ணையே சிரித்தது. சிரிப்புக்கு நடுவே பக்கத்து வீட்டு அக்கா, “அது பீடிக்கடைக்காரர் சொல்லுத மாதிரில்லா இருக்கு” என்றார்.

இரவுச் சாப்பாடு கூட்டாஞ்சோறு, அப்பளம். தூங்கும்முன் நினைத்துக்கொண்டேன்: அந்த மதியம் முழுக்க ஒருவர்கூட, விலங்குகள் பண்ணைக்காரனை விரட்டியிருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆர்வெலும் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. 36 ஆண்டுகளாக அப்படிச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தது நானும், எதிர்த்திசையில் பெரியப்பாவும்.

ஜூலை 23, புதன்கிழமை: திருநெல்வேலி

கடைசி அத்தியாயத்தைச் சொல்ல நேரமிருக்கவில்லை. முதல் பஸ்ஸில் நாற்பது புத்தகங்களோடு ஏறினேன். இரண்டு அட்டைப்பெட்டிக்கும் லக்கேஜ் போட்டார்கள். மாஞ்சோலை அம்மா நேற்றே சொல்லியிருந்தார், நாளைக்கு ஆத்துப்பக்கம் போனா ரெண்டு பூவப் போட்டுருங்க என்று.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தவர்கள்மேல் கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க இறங்கியவர்களுக்குத் தாமிரபரணிதான் வழி. 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் இந்த நாளில் கட்சிகளும் அமைப்புகளும் வந்து ஆற்றில் பூத்தூவுகின்றன.

1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தின் பக்கமாக இறங்கினேன். தடுப்புக் கம்பிகள், வரிசையாகப் போலீஸ். ஒரு கட்சி கோஷமிட்டு, பூவைத் தூவி, படம் எடுத்துக்கொண்டு மேலேறிய பிறகு அடுத்த கட்சியை விட்டார்கள். பூக்காரம்மாவிடம் ஒரு பொட்டலம் உதிரிப்பூ 50 ரூபாய். நாளை அமாவாசை, இன்றைக்கு இதுவே கம்மி என்றார். கம்பியருகே நின்ற இளம் காவலர் என்னையும் பெட்டிகளையும் பார்த்து, “எந்தக் கட்சி சார் நீங்க?” என்றார். கட்சியில்லை, ஓர் அம்மா கொடுத்தனுப்பியது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, பெட்டிகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு கட்சிகளுக்கு இடையே என்னை இறக்கிவிட்டார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, தெளிவாக, சில்லென்று ஓடியது. பூ கொஞ்சதூரம் போய் ஆகாயத்தாமரையில் தங்கிவிட்டது. மேலேறியபோது காவலர் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார், சங்கடப்பட்டு எழுந்தார்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் சந்திப்பில் சொதியும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பாடு, 140 ரூபாய். பாதியில் பெரியம்மாவிடமிருந்து போன்.

“பூப் போட்டியா?”

போட்டேன் என்றேன்.

“சரி. அந்தக் கதையில கடைசியில என்ன ஆச்சு? பக்கத்து வீட்டுக்காரி கேக்கா.”

பன்றிகள் இரண்டு காலில் நடக்கத் தொடங்குகின்றன, பெண்குதிரை க்ளோவருக்குக் கண் மங்கிவிட்டதால் சுவரைப் படித்துக் காட்டச் சொல்லிப் பெஞ்சமினைக் கூப்பிடுகிறது என்று சுருக்கமாகச் சொன்னேன்.

“படிச்சுக் காட்டுச்சா?”

“காட்டுச்சு பெரியம்மா. அன்னைக்கு மட்டும் வாயத் திறந்துச்சு.”

“என்ன எழுதியிருந்துச்சாம்?”

ஏழு கட்டளையும் அழிந்து ஒரே ஒரு வரிதான் இருந்தது, எல்லா விலங்கும் சமம், ஆனால் சில விலங்குகள் மற்றவற்றைவிட அதிகச் சமம் என்று சொன்னேன். மறுமுனையில் அதை அவர் யாருக்கோ திருப்பிச் சொல்வதும், யாரோ சிரிப்பதும் கேட்டது. திரும்ப என்னிடம் வந்தார்.

“இதப் பாலு காணாமப் போன அன்னைக்கே படிச்சுச் சொல்லியிருந்தா அந்தக் குதிர தப்பிச்சிருக்கும். சரி, நீ சாப்பிட்டியா? பொட்டியப் பாத்து ஏத்து, ரயில விட்டுராத.”